காதைச் சொறியும் குட்டிகள்

கேள்வி: சாயல்குடிப் பக்கம் முப்பது செம்மறி வைத்திருக்கிறேன். எல்லாம் ராமநாதபுரம் வெள்ளை. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட வந்தவர்கள் குட்டிகளுக்குக் காதில் வில்லையும் மாட்டிவிட்டுப் போனார்கள். மூன்று வாரமாகிறது. இப்போது ஆறு குட்டிகள் பின்னங்காலால் காதைச் சொறிந்தபடியே இருக்கின்றன, தலையை உதறுகின்றன. ஒன்றுக்கு இடது காது தொங்கிக் கிடக்கிறது. வேப்பெண்ணெயைக் காய்ச்சிக் காதுக்குள் விடச் சொல்கிறார் பக்கத்துப் பட்டிக்காரர். பருத்திக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து தடவு என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது ஐயா?

பதில்: இரண்டும் வேண்டாம். பருத்தி மருந்து தோல் வழியாகவே உடம்பில் ஏறும். பத்து கிலோ குட்டி நுரை தள்ளிச் சாய அது கொஞ்சம் போதும். வேப்பெண்ணெயை ஆறவைத்துக் காது மடலில் தடவலாம், தவறில்லை. துளைக்குள் ஊற்றத்தான் கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் ஊற்றியதெல்லாம் நடுக்காதுக்கு இறங்கிவிடும். அது கிழிந்திருக்கிறதா என்பது கருவி இல்லாமல் எனக்கே தெரியாது.

காலை வெளிச்சத்தில் ஒருவர் குட்டியைப் பிடித்துக்கொள்ள, மடலை விரித்து உள்பக்கம், மடிப்பு, அடிப்பகுதி என்று நிதானமாகப் பாருங்கள். ஆறு குட்டிக்கும் ஒரே நேரத்தில் வந்திருப்பதால் எனக்கு முதல் சந்தேகம் உண்ணி மேல்தான். மயிர் குறைந்து, தோல் மெலிந்து, ரத்தம் நிறைந்த இடம் காது. உண்ணிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். பீடி நெருப்பால் சுடுவது, மண்ணெண்ணெய் விடுவது எல்லாம் குட்டிக்குத்தான் தண்டனை.

ஆட்டில் இருப்பதை மட்டும் எடுத்துப் பயனில்லை. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, பட்டியின் சுவர் வெடிப்பிலும் எருவடியிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எருவைச் சுரண்டி அள்ளுங்கள். வெடிப்பைப் பூசிச் சுண்ணாம்பு அடியுங்கள். நாலு நாட்டுக்கோழி பட்டியில் திரிந்தால் அவையும் பொறுக்கும்.

உண்ணி இல்லாமல் துளைக்குள் பழுப்பாக, அடை அடையாகப் பொருக்கு தெரிந்தால் அது காதுச் சொறிப்பூச்சி. அதற்கு ஐவர்மெக்டின் ஊசி நன்றாகக் கேட்கும். கடையில் கிடைக்கும் ஒரு சதவீத மருந்தில் 50 கிலோ எடைக்கு 1 மில்லிதான் அளவு. அப்படியானால் பத்து கிலோ குட்டிக்கு 0.2 மில்லி. பெரிய ஆட்டுக்குப் போடும் அளவைக் குட்டிக்கும் ஏற்றிவிட்டு, "ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று வருபவர்கள் உண்டு. எடை போட்டுப் பார்த்து, மருத்துவர் கையால் தோலுக்கடியில் போட்டுக்கொள்வதே நல்லது.

அடுத்தது வில்லை. மூன்று வாரத்தில் துளை காய்ந்திருக்க வேண்டும். இன்னும் வீங்கிச் சூடாக, சீழோ நாற்றமோ இருந்தால் புண் ஆறவில்லை. காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, துணியால் தினம் இருமுறை ஒற்றித் துடைத்து, போவிடோன் அயோடின் தடவுங்கள். வில்லை சதையை இறுக்கினால் நீங்களே பிடுங்க வேண்டாம். மருத்துவர் வெட்டி எடுத்து, வேறு எண் போட்டுப் பதிவை மாற்றிக் கொடுப்பார். ஈ மொய்க்கும் காலம் என்றால் புழு வைத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். காது தொங்காமல் விறைத்து நின்று, நடை கட்டையாகி, வாய் திறக்க முடியாமல் போனால் அது ரணஜன்னி. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

உங்கள் ஆடுகள் வெள்ளை என்பதால் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மேய்ச்சலில் உண்ணிச்செடி இருக்கிறதா? பச்சை இல்லாத நாளில் ஆடு அதைக் கடிக்கும். அந்த விஷம் ஈரலைக் கெடுத்து, வெயில் பட்ட இடத்தில் தோலைப் புண்ணாக்கும். அப்படியானால் இரண்டு காதும் சேர்ந்து தடித்து வீங்கும். கண்ணின் வெண்மையில் மஞ்சள் தெரியும். குட்டி நிழலைத் தேடி ஒதுங்கும். அதற்குக் காதில் தடவ மருந்தில்லை. மேய்ச்சலை மாற்றி, நிழலில் கட்டி, ஈரலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

மற்ற ஐந்தும் ஒருநாள் பொறுக்கும். இடது காது தொங்கிய குட்டியை இன்றே காட்டுங்கள். ராமநாதபுரம் வெள்ளைக்குக் காது இயல்பிலேயே கீழ்நோக்கித்தான் சாய்ந்திருக்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் உயிரற்றுத் தொங்குவது வேறு. அந்தப் பக்கத்து இமை மூடாமல் இருக்கிறதா, தீனி வாயோரம் வழிகிறதா, தலை சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முகத்தை அசைக்கும் நரம்பு நடுக்காதை ஒட்டித்தான் போகிறது. உள்ளே சீழ் கட்டினால் முதலில் அடிபடுவது அதுதான். சில நாள் முன்பு அந்தக் குட்டிக்குச் சளி, இருமல் இருந்ததா? தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் வழியாகவும் கிருமி ஏறும். சீக்கிரம் ஆண்டிபயாடிக் தொடங்கினால் பிழைக்கும். மூளைக்கு எட்டிவிட்டால் கடினம். மூளையைத் தாக்கும் வேறு நோய்களும் இதே மாதிரி காட்டும், அதனால் கைவைத்தியத்துக்கு இதில் இடமில்லை. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962-ல் கூப்பிடலாம். கூப்பிடும் முன் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அதையும் சொல்லுங்கள்.

குட்டிகளில் எதையாவது பக்ரீத்துக்கு விற்க நினைத்திருந்தால், ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். மருந்து கறியில் தங்கும் நாளைக் கணக்கிட்டுத்தான் எதைப் போடுவது என்று மருத்துவர் முடிவெடுப்பார்.