அடுத்த அறையிலும் கேட்கும் ரிங்டோன்: நீங்களே தயாரிக்கலாம்!

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு. ஊருக்குப் போயிருந்த என் அம்மா பத்தரை மணிக்கு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கி, அப்பாவின் செல்போனுக்கு ஏழு முறை அழைத்திருக்கிறார். போன் ஹாலில் பிரிட்ஜ் மேல் இருந்தது. அப்பா பக்கத்து அறையில், தூங்காமல், அம்மாவின் போனுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். ஒரு முறைகூட அவர் காதில் விழவில்லை. முக்கால் மணி நேரம் தனியாக நின்று, கடைசியில் ஆட்டோ பிடித்து வந்த அம்மா, மறுநாள் காலை வரை அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போனில் பழுது ஏதும் இல்லை. வால்யூமும் முழுதாகத்தான் இருந்தது. தவறு ரிங்டோனில். அதற்கு முந்தைய வாரம்தான், அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைக் கம்ப்யூட்டரில் வெட்டி, ரிங்டோனாகப் போட்டுக் கொடுத்திருந்தேன். சாப்ட்வேர் இன்ஜினியர் மகன் செய்து கொடுத்தது என்று அப்பா நாலு பேரிடம் காட்டி வேறு இருந்தார்!

கம்ப்யூட்டரில் பாட்டை வெட்டி ரிங்டோன் ஆக்குவது பத்து நிமிட வேலை. அதைக் காதில் விழும்படி செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உங்களுக்கு அழைப்பு வரும்போது உங்கள் போனில் ஒலிப்பது ரிங்டோன். உங்களை அழைப்பவரின் காதில் ஒலிப்பது காலர் டியூன். காலர் டியூன் உங்கள் போனில் இல்லை. செல்போன் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நாம் செய்யப்போவது ரிங்டோன் மட்டுமே.

என்னென்ன தேவை?

ஒரு கம்ப்யூட்டர், போனுடன் வந்த யுஎஸ்பி கேபிள், ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர். ஆடாசிட்டி 2000-ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆடாசிட்டிடீம் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். வேறு தளங்களில் டவுன்லோட் என்று பச்சை நிறத்தில் மின்னும் பட்டன்களை நம்ப வேண்டாம். முன்பு எம்பி3 பைலாகச் சேமிக்க லேம் என்று தனியாக ஒன்றை இன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்தது. 2019-க்குப் பிறகு வந்த பதிப்புகளில் அந்தத் தொல்லை இல்லை.

பாட்டு உங்களிடம் பைலாக இருக்க வேண்டும். சிடியில் இருந்தால் விண்டோஸ் மீடியா பிளேயரில் உள்ள ரிப் வசதி மூலம் எம்பி3 ஆக்கிக்கொள்ளலாம். பாட்டு கேட்கும் ஆப்களில் ஆப்லைனில் கேட்பதற்காக டவுன்லோட் செய்தவை பூட்டப்பட்ட பைல்கள். அவை ஆடாசிட்டியில் திறக்காது. வீட்டில் நீங்களே பதிவு செய்தவை இருந்தால் இன்னும் நல்லது. என் தங்கையின் கல்யாணத்தன்று சிறிய ரெக்கார்டர் ஒன்றில் நாதஸ்வரம், தவில் இரண்டையும் ஒன்றரை மணி நேரம் எம்பி3 ஆகப் பதிவு செய்து வைத்திருந்தேன். இரண்டாவது முயற்சிக்கு அதுதான் கைகொடுத்தது.

எந்த இடத்தை வெட்டுவது?

இங்கேதான் நான் முதல் முறை தவறினேன். அப்பாவின் பாட்டில் மெல்லிய கம்பி வாத்தியங்கள் பன்னிரண்டு விநாடி மெதுவாக எழும்பி வந்த பிறகுதான் பாடகர் குரல் கொடுப்பார். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் போன் எவ்வளவு நேரம் அடிக்கும் தெரியுமா? எடுக்கப்படாத அழைப்பு செல்போனில் 30 விநாடியும், தரைவழி போனில் 60 விநாடியும் ஒலிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 நவம்பரில் விதித்தது. அந்த 30 விநாடியில் பன்னிரண்டு விநாடி கிசுகிசுப்பாகவே போய்விட்டால், மீதி நேரத்தில் போனைத் தேடி எடுப்பது எப்படி? ஆகவே பாட்டின் ஆரம்பத்தை விடுங்கள். முதல் விநாடியிலேயே முழுச் சத்தத்துடன் தொடங்கும் இடத்தைத் தேடுங்கள்.

இரண்டாவது தவறு, என் மேஜையில் இருந்த பெரிய ஸ்பீக்கர்களில் கேட்டு முடிவு செய்தது. தரையில் வைத்த சப்வூபர் கும்மென்று அதிரும்போது எந்தப் பாட்டும் கம்பீரமாகத்தான் இருக்கும். போனில் உள்ள ஸ்பீக்கர் நகத்தளவுதான். கனத்த, தாழ்ந்த ஒலிகளை அதனால் சரியாக எழுப்ப முடியாது. இன்னொரு பக்கம், வயதாகும்போது மனிதக் காது முதலில் இழப்பது கீச்சென்ற மிக உயர்ந்த ஒலிகளை. தாழ்ந்த ஒலி போனில் வராது, உயர்ந்த ஒலி பெரியவர் காதில் ஏறாது. மிச்சம் இருப்பது நடுத்தர ஒலிகள்: மனிதக் குரல், நாதஸ்வரம், ஆர்மோனியம் போன்றவை. தவிலில்கூட தொப்பியின் கனத்த ஒலி போனில் காணாமல் போகும். கூடு மாட்டிய விரல்கள் அடிக்கும் வலந்தலையின் ஒலிதான் கணீரென்று நிற்கும்.

இனி வேலையைத் தொடங்கலாம். ஆடாசிட்டியைத் திறந்து, பைல் மெனுவில் ஓப்பன் கொடுத்துப் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். நீல நிறத்தில் நீளமாக அலைகள் தெரியும். ஒல்லியாக இருக்கும் இடத்தில் சத்தம் குறைவு; குண்டாக இருக்கும் இடத்தில் சத்தம் அதிகம். காதால் தேடுவதற்கு முன் கண்ணாலேயே தேடிவிடலாம்! அலை ஒரே சீராகத் தடித்து ஓடும் பகுதி நமக்கு வேண்டியது. கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி 1 தட்டினால் படம் பெரிதாகும்; 3 தட்டினால் சிறிதாகும்.

அந்தப் பகுதியின் தொடக்கத்தில் மவுஸை அழுத்தி, 25 முதல் 30 விநாடி வரை இழுத்துத் தேர்வு செய்யுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அது மட்டும் ஒலிக்கும். தாளத்தின் நடுவே வெட்டினால் பல்லில் கல் சிக்கியது போல் இருக்கும். தொடக்கத்தைச் சற்று நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள். அவசரம் வேண்டாம், நான் இதற்கே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். திருப்தி வந்ததும் கண்ட்ரோல் சி கொடுத்து, கண்ட்ரோல் என் மூலம் புதிய விண்டோ திறந்து, அங்கே கண்ட்ரோல் வி கொடுங்கள். வெட்டிய துண்டு மட்டும் புதிய இடத்துக்கு வந்துவிடும். மூலப் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

சத்தத்தைச் சரிசெய்தல்

கண்ட்ரோல் ஏ கொடுத்து முழுவதையும் தேர்வு செய்துகொள்ளுங்கள். முதலில் எபெக்ட் மெனுவில் ஹை-பாஸ் பில்டர் என்பதைத் தேடி, அதிர்வெண் என்ற இடத்தில் 200 என்று கொடுங்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிகளை அது குறைத்துவிடும். போன் எப்படியும் எழுப்ப முடியாத ஒலிக்கு இடம் எதற்கு?

இப்போது அலைகள் சற்று மெலிந்திருக்கும். அதே மெனுவில் ஆம்ப்ளிபை கொடுங்கள். எவ்வளவு தூக்கலாம் என்று அதுவே ஒரு எண்ணைக் காட்டும். ஓகே கொடுத்தால் போதும். 'கிளிப்பிங் அனுமதி' என்ற கட்டத்தில் மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள். சத்தம் கூடுவது போலத் தோன்றும். ஆனால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். ஒரே ஒரு இடத்தில் உயர்ந்த முனை இருந்து, மற்றதெல்லாம் தாழ்ந்திருந்தால் ஆம்ப்ளிபை பெரிதாக உதவாது, ஏனென்றால் அந்த முனை கூரையைத் தொட்டதும் அது நின்றுவிடும். அதனால்தான் சீராகத் தடித்த பகுதியைத் தேடச் சொன்னேன்.

ரிங்டோன் செய்யும் குறிப்புகள் பலவற்றில் தொடக்கத்தில் பேட்-இன், முடிவில் பேட்-அவுட் போடச் சொல்வார்கள். பேட்-இன் என்பது சத்தம் மெல்ல எழும்பி வருவது. என் அனுபவத்தில் அது வேண்டவே வேண்டாம். கடைசி ஒரு விநாடியை மட்டும் தேர்வு செய்து பேட்-அவுட் கொடுங்கள். ஏதாவது பிசகினால் கண்ட்ரோல் இசட் இருக்கவே இருக்கிறது.

பிறகு பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ. வகை எம்பி3, தரம் 128 கேபிபிஎஸ் போதும். 30 விநாடிக்கு அரை எம்பிகூட வராது. அதே துண்டை சிடி தரத்தில் வேவ் பைலாகச் சேமித்தால் ஐந்து எம்பியைத் தாண்டும். உங்கள் பதிப்பில் மெனுக்கள் சற்று இடம் மாறியிருக்கலாம், பெயர்கள் இவைதான்.

போனுக்கு மாற்றுதல்

ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். போன் திரையை மேலிருந்து கீழே இழுத்து, அதில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது கம்ப்யூட்டரில் போனின் பெயர் தெரியும். அதன் உள்ளே ரிங்டோன்ஸ் என்ற போல்டரில் பைலை காப்பி செய்யுங்கள். போல்டர் இல்லையென்றால் அதே பெயரில் உருவாக்கிக்கொள்ளலாம். பிறகு போனின் செட்டிங்ஸில் சவுண்ட் பகுதியில் ரிங்டோனைத் தேர்வு செய்யுங்கள். ஐபோன் என்றால் ஆப்பிளின் காரேஜ்பேண்ட் ஆப்பில் பைலைச் சேர்த்து, அங்கிருந்தே ரிங்டோனாக எக்ஸ்போர்ட் செய்யலாம். 30 விநாடிக்கு மேல் போகக் கூடாது.

உடனே சரியாகிவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். போனை பிரிட்ஜ் மேல் வையுங்கள். மின்விசிறி, டிவி, முடிந்தால் மிக்சியும் ஓடட்டும். யாருக்கான ரிங்டோனோ அவரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து, இன்னொரு போனில் இருந்து அழையுங்கள். நான் முதல் முறை செய்யாமல் விட்டது இதைத்தான். சட்டைப்பையிலும் தலையணைக்கு அடியிலும் வைத்து ஒருமுறை அழைத்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு வசதியும் உண்டு. காண்டாக்ட்ஸில் ஒருவரின் பெயரைத் திறந்து, மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அவருக்கு மட்டும் தனி ரிங்டோன் வைக்கலாம். அம்மாவின் எண்ணுக்குக் கல்யாணப் பதிவில் இருந்த கெட்டிமேளத்தை வைத்தேன். தெருமுனை வரை கேட்டது. இரண்டு வாரம் கழித்து அப்பா ஒரு துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, எப்போது கிளம்புகிறார் என்று கேட்க அம்மா அழைத்துவிட்டார்!

அன்று மாலையே கெட்டிமேளத்தை எடுத்துவிட்டேன். இப்போது இருப்பது தங்கை மகளின் குரல். மூன்று வயதுப் பெண், "தாத்தா, பாட்டி கூப்பிடுறாங்க" என்று விடாமல் சொல்கிறாள். அதே ஆடாசிட்டியில், மைக் முன்னால் அவளை உட்கார வைத்துப் பதிவு செய்தது. நடுத்தர ஒலி, முதல் விநாடியிலேயே தொடக்கம். கொல்லைப்புறத்தில் இருந்தாலும் அப்பா எழுந்து வந்துவிடுகிறார்.