பெருநாள் துணிக்கு இன்றே ஒரு கணக்கு

 

எங்கள் வீட்டில் ஒரு வருடம் நோன்புப் பெருநாளுக்குத் துணி எடுத்த கடன், ஹஜ்ஜுப் பெருநாள் வந்தும் தீரவில்லை. கடன் தீர்வதற்குள் பிள்ளைகளுக்குச் சட்டை சிறியதாகிவிட்டது. அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அல்குர்ஆன் 7:31-ஆம் வசனம் தொழுமிடத்தில் அழகாக உடுத்தச் சொல்கிறது. அதே வசனம் வீண்விரயத்தையும் தடுக்கிறது. பெருநாளன்று நம்மிடம் இருப்பதில் நல்லதை உடுத்துவதே சுன்னத். புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2026-ஐப் பாருங்கள். மார்ச்சில் நோன்புப் பெருநாள், மே இறுதியில் ஹஜ்ஜுப் பெருநாள், ஜூனில் பள்ளித் திறப்பு. மூன்று செலவும் மூன்று மாதத்துக்குள் வருகின்றன. வருவது முன்பே தெரியும். ஆனால் நாம் பணம் தேடுவது இருபத்தேழாம் இரவுக்குப் பிறகுதான்.

செய்ய வேண்டியவை:

1. முதலில் பீரோவைத் திறந்து எண்ணுங்கள். எது பொருந்தும், எதைத் தைத்துச் சரிசெய்யலாம், எது உண்மையில் தேவை என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதுங்கள்.

2. ஆண்டுத் தொகையை முடிவு செய்யுங்கள். ஐந்து பேருக்குத் தலா 2,400 ரூபாய் என்றால் 12,000 ரூபாய்; மாதம் 1,000 ரூபாய். தையல் கூலி, செருப்பு, சீருடை எல்லாம் இதற்குள்தான். அரசுப் பள்ளியில் 8-ஆம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு நான்கு செட் சீருடை இலவசம். அதை மறக்காமல் கணக்கில் கழியுங்கள்.

3. வீட்டில் வைத்தால் செலவாகிவிடும் என்பவர்களுக்கு, 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் ‘கனவு நனவுத் திட்டம்’ உண்டு. மாதத் தவணை கட்டி, முடிவில் தள்ளுபடியுடன் துணி எடுக்கலாம். தற்போதைய விதிகளைத் தருமபுரி கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. விலையை மட்டும் பார்க்காதீர்கள். 3,000 ரூபாய் உடையை மூன்று முறை உடுத்தினால் ஒரு முறைக்கு 1,000 ரூபாய். 800 ரூபாய் உடையை நாற்பது முறை உடுத்தினால் வெறும் 20 ரூபாய்.

5. ஷஅபானிலேயே எடுத்துவிடுங்கள். தையல்காரருக்கும் நெருக்கடி இல்லை. கடைசிப் பத்தின் இபாதத்தும் கடைத்தெருவில் கழியாது.

இத்தனை செய்தும் முடியாத வருடம் வரலாம். அப்போது வட்டிக்கு வாங்கும் முன் டிரஸ்ட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொன்னது வெளியே போகாது. பிள்ளைகளுக்குச் சிறியதாகிப்போன நல்ல துணிகள் இருந்தால், துவைத்து மடித்து எங்களிடம் தாருங்கள். இன்னொரு பிள்ளையின் பெருநாளுக்கு உதவும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்