இளந்தாய்மாரும் பள்ளிக்கூடமும்

ஞாயிறு திருப்பலியின்போது பங்குத்தந்தை ஓலை வாசிப்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியுள்ளது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று முறை அறிவிப்பார். அதற்கு முன்பே ஞானஸ்நானச் சான்று கேட்பார்கள். அதில் பிறந்த தேதி இருக்கும். யாரும் வயதைக் கூட்டிச் சொல்ல முடியாது. மணமக்கள் திருமணத் தயாரிப்பு வகுப்புக்கும் போய்வர வேண்டும். திருச்சபைச் சட்டத்தில் பெண்ணுக்குக் குறைந்த வயது 14 என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பாயிருந்தது. நாங்கள் அனைவருமே அதைக் கடந்துவிட்டோமே! ஆனால் நாட்டின் சட்டம் 1978 முதல் 18 என்று சொல்வதால், அவ்வயது நிறையாத பெண்ணுக்கு நம் பங்குகளில் ஓலை வாசிப்பதில்லை.

இவ்வளவு காவல் இருந்தும் சில வீடுகளில் கோவிலுக்குத் தெரியாமலே காரியம் முடிந்துவிடுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். எட்டாம் வகுப்பில் எங்களோடு முன்வரிசையில் இருந்த தோழி ஒருத்தியை அண்மையில் ஒரு திருவிழாவில் இடுப்பில் குழந்தையோடு கண்டோம். "கணக்குப் பரீட்சை எப்படி இருந்தது?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். வீட்டில் வந்து சொன்னபோது, "இனி அவளுக்கு எதற்குப் படிப்பு?" என்றார்கள் பெரியவர்கள். எங்களுக்கு அப்போது விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு நூலகத்தில் தேடினோம்.

நம் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எழுந்த எதிர்ப்பையும் மீறிப் படித்தார். பெண்களின் திருமண வயதை உயர்த்தவும் பாடுபட்டார். ஆதரவற்ற பெண்களுக்காகச் சென்னையில் அவர் தொடங்கிய அவ்வை இல்லம் பள்ளிக்கூடமாகவும் வளர்ந்தது.

அதே ஆண்டில் பிறந்த மற்றொருவர் சகோதரி சுப்பலட்சுமி. இவர் கன்னியர் அல்லர். இந்து சமயத்தைச் சேர்ந்தவர். பால்ய வயதிலேயே விதவையான இவரைத் தந்தையார் வீட்டில் ஒடுக்கி வைக்காமல் படிக்க வைத்தார். சென்னை பிரசன்டேஷன் கான்வென்டில் படித்தபோது அங்கிருந்த கன்னியரின் தொண்டு இவர் மனத்தில் பதிந்தது. 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்து இவர் செய்ததுதான் எங்களை மிகவும் கவர்ந்தது. தம்மைப் போன்ற இளம் விதவைகளைச் சேர்த்து ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் அது கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டடம் அது. இப்போது விவேகானந்தர் இல்லம். அங்கே வந்த சிறுமிகளுக்குச் சோறும் பாயும் கொடுத்ததோடு சுப்பலட்சுமி அம்மையார் நிற்கவில்லை. அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினார். "இனி இவளுக்கு எதற்குப் படிப்பு?" என்று ஊரார் சொன்ன அதே பெண்களில் பலர் ஆசிரியைகளாக வெளியே வந்தனர்.

இதற்கு மாறான ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது. கத்தோலிக்க நாடான அயர்லாந்தில், மணமாகாமல் கருவுற்ற பெண்களுக்கென இல்லங்கள் இருந்தன. அவற்றுள் பல கன்னியர் சபைகளால் நடத்தப்பட்டவை. அரசு அமைத்த ஆணையம் 18 இல்லங்களை ஆராய்ந்து 2021இல் அறிக்கை வெளியிட்டது. அங்கே இருந்த சுமார் 56,000 பெண்களில் 5,616 பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். சுமார் 9,000 குழந்தைகள் இறந்துபோயினர். அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். கூரை கிடைத்தது, ஆனால் அந்தப் பெண்களை வெட்கப்பட வேண்டியவர்களாகவே நடத்தினார்கள். இதைப் படித்த அன்று எங்களுக்குள் நீண்ட நேரம் பேச்சே இல்லை.

பியூனஸ் அயர்ஸ் நகரின் பேராயராக இருந்த கர்தினால் பெர்கோலியோ, மணமாகாத தாயின் குழந்தைக்கு ஞானஸ்நானம் மறுத்த குருக்களை 2012இல் வெளிப்படையாகக் கண்டித்தார். மறு ஆண்டே அவர் திருத்தந்தை பிரான்சிஸ் ஆனார்.

ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாடு கருவுற்ற மாணவியர் பள்ளிக்கு வரக்கூடாது என்று 2015இல் தடை விதித்திருந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றம் 2019இல் அதைத் தவறு என்றது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது. தான்சானியாவும் 2021இல் இளந்தாய்மார் பள்ளிக்குத் திரும்ப அனுமதித்தது.

நம் நாட்டில் அப்படிப்பட்ட தடைச்சட்டம் எதுவும் இல்லை. பள்ளிக்குத் திரும்ப இயலாதவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கரை வயது நிறைந்திருந்தால் போதும். ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு நூற்றுக்கு 80 நாள் வீதம் வந்திருக்க வேண்டும். கைக்குழந்தை உள்ளவள் அந்த நேரத்தில் குழந்தையை யாரிடம் விடுவாள்? இங்குதான் பங்கு உதவ முடியும் என்று நினைக்கிறோம். மறைக்கல்வி நடக்கும் அறை வார நாட்களில் பூட்டித்தான் கிடக்கிறது. மரியாயின் சேனையில் உள்ள அம்மாமார் இருவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும். கணக்குச் சொல்லித்தர நாங்கள் இருக்கிறோம்.

இதை எங்கள் தலைமைச் சகோதரியிடம் சொன்னோம். பங்குத்தந்தையிடம் பேசுவதாகக் கூறியிருக்கிறார்கள். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் கட்டி வைத்திருக்கிறோம். தோழி வரும்போது முதலில் அவை வேண்டியிருக்கும்.