மலைக்காற்றில் நெடுந்தூர வட்டு

கடற்கரைத் திடலில் நெடுந்தொலை பறந்த ஒரு வட்டு, இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலின் மலைச்சரிவில் அதே கையால், அதே வேகத்தில் எறியப்படினும், முன்னதாகவே இடப்புறம் சரிந்து விழக்கூடும். எறிந்தவர் தம் கையை நொந்துகொள்வார். குறை கையில் இல்லை, காற்றில் உள்ளது.

சங்கிலிகள் தொங்கும் கூடையில், மிகக் குறைந்த எறிகளில் வட்டைச் சேர்ப்பதே வட்டுக் கோல்ஃப் ஆட்டம். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்கரான டேவ் டூனிபேஸ், விளிம்பைச் சரிவாகச் செதுக்கிய வட்டை உருவாக்கினார். அதன் வழிவந்ததே 'டிரைவர்' எனப்படும் நெடுந்தூர வட்டு. 21 சென்டிமீட்டர் அளவே குறுக்களவுள்ள இதன் விளிம்பு, 2 சென்டிமீட்டருக்கும் மேல் அகன்று, முனையில் கூர்மையாக இருக்கும்.

வலக்கையை மார்பின் குறுக்கே இடமிருந்து வலமாக வீசுவோரின் வட்டு, மேலிருந்து நோக்கின் கடிகார முள் போலச் சுழலும். முழு வேகத்தில் காற்றின் தூக்குவிசை வட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னே இயங்கி, முன்விளிம்பைத் தாழ்த்த முயலும். சுழலும் பம்பரம் தள்ளிய பக்கம் சாயாது குறுக்கே சாய்வது போல, வட்டும் கவிழாமல் வலப்புறம் சாய்கிறது. வேகம் தளர்ந்ததும் விசை முன்னே நகர, சாய்வு இடப்புறமாகும். ஆகவே தக்க வேகம் கிடைக்காத விரைவு வட்டு, தொடக்கத்திலேயே இடப்புறம் திரும்பி விழும்.

இனி மலைக்கு வருவோம். சின்னக்கானல் 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. தூக்குவிசை அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. எனவே மலையில் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் எறிந்த வட்டு, கடற்கரையில் 23 மீட்டர் வேகத்தில் எறிந்ததற்குரிய தூக்குவிசையையே பெறும். தடைவிசையும் குறைவதால் வலிய கையினர் இதனால் ஆதாயமடையலாம். ஏனையோர்க்கு இழப்பே மிகுதி.

வட்டுகளின்மீது பெரும்பாலும் நான்கு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது வேக எண். அது 12, 13 என்றிருப்பதைக் கண்டு மயங்குதல் வேண்டா. அது எறிபவரிடம் வட்டு கேட்கும் வேகமேயன்றி, அவருக்கு அளிக்கும் வேகமன்று. புதியவர்க்கு 7 போதும். மூன்றாவது எண் வலச்சாய்வைக் குறிக்கும். மலையில் ஆடுவோர் அது −2 அல்லது −3 ஆக உள்ள, எடை குறைந்த வட்டைத் தேர்தல் நன்று.

எறியும்போது நான்கு விரல்களையும் விளிம்பின் உட்புறம் இறுக மடக்கி, வட்டை மார்பை ஒட்டியே இழுத்துவிடுக. முன்விளிம்பு சிறிதும் மேல்நோக்கலாகாது. புதியவர் பலரின் எறி கெடுவது இங்கேதான். தெளிந்த நாட்களில், பகற்பொழுதில் காற்று பெரும்பாலும் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும். அப்போது கீழ்நோக்கி எறிந்தால் அது எதிர்காற்றாகி வலச்சாய்வை மிகுவிக்கும். அவ்வேளையில் சாய்வு குறைந்த வட்டே ஏற்றது.

கூர்விளிம்பு வட்டு தலையில் பட்டால் கடுங்காயம் நேரும். சரிவின் கீழே கொழுந்து பறிப்போர் இருக்குமளவும் மாணவரை எறியவிடலாகாது. யானைகள் நடமாடும் பகுதியாதலின், புதருக்குள் சென்ற வட்டைத் தேடித் தனியே எவரையும் அனுப்புதலும் கூடாது.