தட்டைப் படம் எங்கே பிறந்தது?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் எந்நேரமும் அனிமே பார்க்கிறாள். அதே போல நிழலே போடாமல், கோடு இழுத்து உள்ளே வண்ணத்தை அடைக்கிறாள். பார்ப்பவர்கள் "லாரியில் வரைந்த படம் மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். ஜப்பானியருக்கு இந்தப் பாணி எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, ராசிபுரம்

பதில்: குறையாகத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இந்தப் பாணிக்கு 'சூப்பர்ஃபிளாட்' என்று பெயர் வைத்தவர் தகாஷி முரகாமி. 1962-இல் டோக்கியோவில் பிறந்தவர். வாய் திறந்து சிரிக்கும் பூக்களை வரைந்து உலகப் புகழ் பெற்ற இவர், ஜப்பானிய மரபு ஓவியத்தில் 1993-இல் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. 2000-இல் டோக்கியோவிலும் மறு ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸிலும் அந்தப் பெயரிலேயே கண்காட்சி நடத்தினார். எடோ காலத்து ஓவியர்கள் தொடங்கி இன்றைய அனிமே வரை ஒரே இழை ஓடுகிறது, அந்தப் படங்களில் கண் ஆழத்துக்குள் போகாமல் பரப்பின் மேலேயே அலைகிறது என்பது அவர் வாதம். இழை இருப்பது உண்மை. அதை ஜப்பானியரின் தனிப் பார்வையாகக் கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. தட்டைப் பாணி வேலை செய்யும் கையிலிருந்து பிறக்கிறது என்பதே என் முடிவு.

அந்த எடோ காலத்தில்தான், 1765 வாக்கில், ஜப்பானில் பலவண்ண மர அச்சுப் படங்கள் வந்தன. ஓவியர் வரைந்து கொடுத்த தாளைச் செதுக்குபவர் செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, கோடு மட்டும் எழுந்து நிற்கும்படி மற்ற இடத்தைக் குடைந்தெடுப்பார். அது கோட்டுப் பலகை. அப்புறம் சிவப்புக்கு ஒரு பலகை, நீலத்துக்கு ஒரு பலகை. பலகை மூலையில் வெட்டிய சின்ன அடையாளத்தில் தாளின் முனையைப் பொருத்தி, நிறம் நிறமாக அழுத்தி எடுப்பார் அச்சிடுபவர். கன்னத்தில் நிழல் விழ வேண்டுமா? அதற்கு இன்னொரு பலகை, இன்னொரு கூலி. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கியபோதும் கணக்கு இதேதான். ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளின் முன்பக்கம் கோடு. தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வண்ணம். வாரம் ஒரு பகுதி முடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் நொடிக்கு 24 சட்டம் ஓடும் படத்தில் ஒரே ஓவியத்தை மூன்று சட்டத்துக்கு நிறுத்தி, எட்டு ஓவியங்களால் சமாளித்தார்கள். இந்த வேகத்தில் முகத்துக்கு மென்மையான நிழல் கொடுக்க வழியே இல்லை. ஓர் ஓவியத்தில் போட்ட நிழல் அடுத்ததில் மயிரிழை விலகினாலும் திரையில் முகம் துடிக்கும்.

நம் நாமக்கல்லுக்கு வாருங்கள். அங்கேயும் திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கமும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் பெயின்டர் செய்வது என்ன? பிரைமர் அடித்து, எனாமல் பெயின்ட் ஏற்றி, காய்ந்ததும் மஞ்சளும் சிவப்புமாகப் பட்டைகள் போட்டு, நடுவில் ஒரு பூவையோ பசுவையோ தட்டையாக நிரப்புகிறார். கடைசியில் மெல்லிய பிரஷ்ஷில் பெயின்டை அளவாகத் தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, நுனியிலிருந்து நுனி வரை நிறுத்தாமல் அவுட்லைன் இழுக்கிறார். தாமரை இதழின் ஓரத்தை மட்டும் ஈரம் காய்வதற்குள் வெள்ளையோடு இழைத்துவிடுவதுண்டு. ஜப்பானிய அச்சுக்காரரும் வானம் போன்ற இடங்களுக்கு மட்டும் பலகை மேல் வண்ணத்தைத் துடைத்துச் சாயல் கொடுத்தார். இருவருக்கும் அந்த அளவுக்குத்தான் நேரம் இருந்தது. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்கி முடித்து வண்டி லோடுக்குப் போக வேண்டும்; நிற்கிற நாளெல்லாம் நஷ்டம். பின்னால் வருபவர் ஓட்டத்தில் பார்க்கிற படம் வேறு. நுணுக்கமாகப் போட்ட நிழல் ஐம்பது அடி தள்ளி நின்று பார்த்தால் அழுக்காகத் தெரியும். நாமக்கல் பெயின்டர் எடோ ஓவியரிடம் பாடம் கேட்கவில்லை. ஒரே நெருக்கடிக்கு இரண்டு ஊர்க்காரர்கள் கண்ட ஒரே வழி இது.

ஆழம் காட்டத் தெரியாததால்தான் தட்டையாக வரைந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதே நாமக்கல் மலையடியில் சுமார் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நரசிம்மர் குடைவரை இருக்கிறது. இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரும், காலைத் தூக்கி உலகளக்கும் திரிவிக்கிரமரும் பாறையிலிருந்து வெளியே வருவதுபோல நிற்கிறார்கள். ஜப்பானில் நாரா நகரின் தோதாய்ஜி கோயில் வாயிலில் 1203-இல் சிற்பி உன்கெய் குழுவினர் செய்த மரக் காவலர் சிலைகள் எட்டு மீட்டருக்கு மேல் உயரம்; நரம்பும் தசையும் புடைத்து நிற்பவை. இரண்டு ஊரிலும் ஆழம் தெரிந்த கைகள் இருந்தன. சிவகாசி காலண்டரில் சாமி முகம் உருண்டு திரண்டு இருக்கிறதே என்று கேட்டால், அதுவும் என் பக்கச் சான்றுதான். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு காலத்து லித்தோ, ஆஃப்செட் அச்சு நிழலைக் கூடுதல் உழைப்பில்லாமல் பிரதி எடுத்துவிடும். கருவி இடம் கொடுத்தது, நிழல் வந்தது.

கோலம்தான் கடினமான மறுப்பு. அங்கே கூலி இல்லை, பங்கு பிரித்த வேலை இல்லை, ஆனாலும் படம் தட்டைதான். ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்து இறங்குகிற மாவு கோடாகத்தான் விழும். சாணம் தெளித்த தரை, விடிகிற நேரம், காலடி பட்டால் அழிந்துவிடும் ஆயுள். இவையும் வேலையின் நிபந்தனைகளே.

கணினி வந்த பிறகும் ஏன் தட்டை என்ற கேள்விக்கு மட்டும் என் வாதம் போதாது. அங்கே முரகாமிக்கு உரியதைக் கொடுத்தாக வேண்டும். நெருக்கடி போன பின்னும் பழகிய கண் அந்த அழகை விடவில்லை. முரகாமியின் பட்டறையில் உதவியாளர்கள் அச்சுத் திரைகளை அடுத்தடுத்து வைத்து அக்ரிலிக் ஏற்றி, பிரஷ் தடம் துளியும் தெரியாதபடி பரப்பை வழவழப்பாக்குகிறார்கள். செல்லுலாய்டில் கட்டாயமாக இருந்தது அவரிடம் விருப்பமாகிவிட்டது. அருங்காட்சியகத்துக்கும் கடைக்கும் நடுவே உள்ள மேடு பள்ளத்தையும் தட்டையாக்குவதாகச் சொல்லி, 2003-இல் லூயி வுய்ட்டான் கைப்பைக்கும் படம் போட்டார். இங்கே லாரிகளில் பிரஷ் இருந்த இடத்தை ஸ்டிக்கர் பிடித்து வருகிறது. அதுவும் ஒரு நிறத்துக்கு ஒரு தாளாக வெட்டி ஒட்டுவதுதான். அங்கே அந்தக் கைத்திறனுக்குப் பெயரும் கண்காட்சியும் கிடைத்தன. இங்கே "லாரிப் படம்" என்பது இன்னும் இளக்காரச் சொல்லாகவே இருப்பது அநியாயம்.

அதனால் உங்கள் மகளை நிழல் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அம்மா. கோட்டைப் பழகச் சொல்லுங்கள். கோடு பிசகினால் நிழலுக்குள் ஒளித்துவிடலாம். தட்டைப் படத்தில் ஒளிக்க இடமில்லை. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் பக்கம்தான். ஒரு விடுமுறை நாளில் பட்டறைத் தெருவுக்கு அழைத்துப் போய், பெயின்டர் அவுட்லைன் இழுக்கும்போது அருகில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள்.