பாடம் 5: திரும்பி வந்த வீட்டில் மின்சாரம்



1990 இல் மன்னாரை விட்டுப் போன உங்களில் ஒரு பகுதியினர் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போய், மண்டபத்திலும் தமிழ்நாட்டின் ஏனைய முகாம்களிலும் இருந்தீர்கள். எருக்கலம்பிட்டி, சிலாவத்துறை, விடத்தல்தீவு மக்களில் பலர் புத்தளத்தில் இருந்தீர்கள். இப்போது வீட்டுச் சாமான்களோடு திரும்பி வருகிறீர்கள். பிள்ளைகளில் பலர் இந்த ஊரில் பிறந்தவர்கள் அல்லர். இங்குள்ள சுவிட்சும் சொக்கற்றும் அவர்களுக்குப் புதிது. ஆகவே இந்தப் பாடத்தைக் குடும்பமாக இருந்து வாசியுங்கள்.

1. பேனை குத்தும் பழக்கம்

இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்தான். அங்கிருந்து கொண்டுவந்த மிக்சியும் மின்விசிறியும் இங்கும் வேலை செய்யும். மாறுவது பிளக். இந்தியப் பிளக்கின் கால்கள் உருண்டை. இலங்கையில் இப்போது நியமமாக இருப்பது மூன்று சதுரக் கால் கொண்ட 13 அம்பியர் பிளக். அதன் சொக்கற்றில் கீழே உள்ள இரண்டு துளைகளும் உட்புறம் மூடியிருக்கும். மேல் துளைக்குள் நீளக் கால் போனால்தான் அவை திறக்கும். பிள்ளைகள் விரலையோ கம்பியையோ விடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது.

சிலர் மேல் துளையில் பேனையைக் குத்தித் திறந்து, இரண்டு கால் பிளக்கைச் சொருகுகிறார்கள். உருண்டைக் கால் அதற்குள் இறுக்கமாக நிற்காது. தளர்ந்த இடம் சூடேறி உருகும், தீயும் பிடிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளை. நாளைக்கு அதுவும் அப்படியே செய்யும். அதன் கையில் ஆணி இருந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

பழைய பிளக்கை அகற்றி 13 அம்பியர் பிளக்கை மின்னியலாளரைக் கொண்டு பூட்டுங்கள். பழைய வயர்களில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை எர்த். புதியவற்றில் மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நொதுமல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். இந்தப் பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கும். மின்விசிறிக்கு 3 அம்பியர், கேத்தலுக்கு 13 அம்பியர் போடுங்கள். எரிந்த பியூசுக்குப் பதிலாகக் கம்பியோ ஈயத்தாளோ வைக்கவே கூடாது.

2. ஒரு சொக்கற்றில் எத்தனை?

பொருளில் எழுதியிருக்கும் வாற்றை 230 ஆல் பிரித்தால் அம்பியர் வரும். 2000 வாற் கேத்தலுக்கு ஏறக்குறைய 9 அம்பியர்; 1000 வாற் அயனுக்கு 4 அம்பியருக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்தாலே 13 அம்பியர் முடிந்துவிடும். அதே மல்ரிபிளக்கில் ரைஸ் குக்கரையும் போட்டால் வயர் சூடேறும். சூடாகும் பொருட்களை ஒவ்வொன்றாகச் சுவர்ச் சொக்கற்றிலேயே போடுங்கள்.

3. மூடிக்கிடந்த வீட்டின் வயர்

பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வீட்டில் எலி வயரைக் கடித்திருக்கும். அதன் உறை வெடித்திருக்கும். மழைநீர் சுவருக்குள் இறங்கியிருக்கும். வெளியில் நன்றாகத் தெரிகிறது என்று நம்ப வேண்டாம். மின் இணைப்புக் கேட்பதற்கு முன்னர் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு முழு வயரையும் சோதியுங்கள். அயல் வீட்டிலிருந்து மணலில் வயர் இழுத்து ஒரு மாதம் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வயர் கிடக்கும் முற்றத்தில்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

4. ரிப் சுவிட்சும் எர்த்தும்

மின்சாரம் ஆளின் உடலூடாக நிலத்துக்குக் கசிந்தால் ரிப் சுவிட்ச் ஒரு நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். வீடுகளில் பொருத்துவது 30 மில்லி அம்பியர் வகை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். அடிக்கடி விழுந்தால், எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, சுவிட்சை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அதில்தான் பிழை. தொல்லை என்று ரிப் சுவிட்சை ஒதுக்கி நேராக வயர் கொடுப்பது, காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குவது போன்றது.

தீவில் காய்ந்த மணலில் அடித்த எர்த் கம்பி சரியாக வேலை செய்யாது. கடற்காற்றில் அதன் பிடியும் துருப்பிடிக்கும். வருடம் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

5. ஒருவருக்கு ஷொக் அடித்தால்

முதலில் அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அது முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்று காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். வீதியில் அறுந்து விழுந்த லைன் என்றால் கிட்டப் போகவே வேண்டாம். 1987 க்கு அறிவியுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். எழுந்து நடந்தாலும் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. அந்த வருடத்தை நம்மில் யாரும் மறக்கமாட்டோம். பிள்ளைகளுக்கு இந்த இலக்கத்தையும் சொல்லிக் கொடுங்கள்.

இன்று மாலை செய்யுங்கள்

• வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சைத் தொட்டுக் காட்டட்டும்.
• ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.
• பேனை குத்திச் சொருகிய பிளக் இருந்தால் இப்போதே கழற்றுங்கள்.