பைக்கில் பாட்டும் வழிகாட்டியும்: போனை செட் செய்வது எப்படி?

ஹேண்டில்பாரில் மொபைல் ஸ்டாண்ட் ஒன்றை மாட்டி, கூகுள் மேப்ஸைப் பார்த்தபடியே வண்டி ஓட்டுபவர்களை இன்று எல்லா சிக்னல்களிலும் காணலாம். அவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்க்க 2 விநாடி திரையைப் பார்த்தால், 33 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலேயே ஓட்டியிருப்பீர்கள். கிட்டத்தட்ட மூன்று பஸ்களின் நீளம்! எனவே வழியைக் கண்ணால் பார்ப்பதை விட காதால் கேட்பதே நல்லது. போன் சட்டைப்பையில் இருக்கட்டும். திரை அணைந்திருந்தாலும் மேப்ஸ் பேசிக்கொண்டுதான் இருக்கும், பேட்டரியும் மிச்சமாகும்.

முதலில் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை. மேப்ஸில் சேரும் இடத்தைக் கொடுத்த பின், மேலே உள்ள வாகனப் படங்களில் பைக் படத்தைத் தேர்ந்தெடுங்கள். 2017 டிசம்பரில் இந்தியாவுக்கென்று வந்த வசதி இது. கார் நுழைய முடியாத குறுக்கு வழிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அடுத்து, உங்கள் புரொஃபைல் படத்தைத் தட்டி செட்டிங்ஸ் சென்று, நேவிகேஷன் பகுதியைத் திறக்கவும். (போனுக்குப் போன் மெனுப் பெயர்கள் சற்று மாறலாம்.) அங்கே குரல் மொழியாகத் தமிழைத் தேர்வு செய்திடலாம். நம் தெருப் பெயர்களை ஆங்கிலக் குரல் கடித்துக் குதறுவதைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை புரியும். புளூடூத் வழியாகக் குரலை ஒலிக்கச் செய்யும் வசதி ஆன் ஆகியுள்ளதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சில போன்களில் திரை அணைந்த சிறிது நேரத்தில் குரலும் நின்றுவிடும். பேட்டரியை மிச்சப்படுத்துவதாக நினைத்து ஆண்ட்ராய்ட் மேப்ஸை நிறுத்திவிடுவதே காரணம். போனின் ஆப்ஸ் பட்டியலில் மேப்ஸைத் திறந்து, பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லாத நிலையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு உண்டு: நெட் போய்விட்டால் ஜி.பி.எஸ். போய்விடுமா? போகாது. சாட்டிலைட் சிக்னலுக்கு இன்டர்நெட் தேவையில்லை. வரைபடத்துக்குத்தான் தேவை. ஏற்காடு, ஏலகிரி மாதிரி மலைப்பாதைகளுக்குச் செல்வதானால் அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ஆனால் ஆஃப்லைனில் கார் வழிதான் கிடைக்கும். போக்குவரத்து நெரிசல் விவரமும் வராது. பாடல்களையும் இப்படியே முன்கூட்டி டவுன்லோட் செய்து, ஒரு பிளேலிஸ்ட்டாகப் போட்டுவிடுங்கள். ஓடும் வண்டியில் பாட்டு மாற்றுவது எந்தப் பாட்டுக்கும் தகாத வேலை.

பாட்டும் குரலும் எப்படி ஒன்றாக வருகின்றன?

புளூடூத்தில் பாட்டுக்கு ஏ2டிபி என்ற முறையும், போன் பேச்சுக்கு ஹெச்எஃப்பி என்ற வேறு முறையும் பயன்படுகின்றன. முன்னது ஸ்டீரியோ, பின்னது மோனோ, தரமும் குறைவு. வழிகாட்டும் குரல் வழக்கமாகப் பாட்டின் வழியிலேயே வருகிறது. மேப்ஸ் பேசப்போகும்போது ஆண்ட்ராய்டிடம் அனுமதி கேட்கும். ஆண்ட்ராய்ட் பாட்டின் சத்தத்தைக் குறைத்து, பேசி முடித்ததும் பழைய நிலைக்கு ஏற்றிவிடும். ஆண்ட்ராய்ட் 8-லிருந்து சிஸ்டமே இதைத் தானாகச் செய்கிறது.

பாட்டு எதுவும் ஓடாதபோது சில ஹெட்செட்டுகளில் குரலின் முதல் சொல் விழுங்கப்படும். "200 மீட்டரில் இடது பக்கம்" என்பதில் 200 காணாமல் போய்விடும். ஹெட்செட் தூங்கிவிட்டு, சத்தம் வந்ததும் விழித்துக்கொள்ள எடுக்கும் நேரம் அது. திருப்பம் நெருங்கும்போது மேப்ஸ் மறுபடியும் சொல்லும் என்பதால் பயப்படத் தேவையில்லை. மெல்லிய சத்தத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லையே இராது.

இப்போது சத்தம் எவ்வளவு வைப்பது என்ற விஷயம். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் மட்டுமே 90 டெசிபலைத் தாண்டும். அமெரிக்காவின் நியாஷ் அமைப்பின் அளவுகோல்படி 85 டெசிபலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அதாவது 94 டெசிபல் என்றால் 1 மணி நேரம்தான்! இந்த இரைச்சலுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றினால் காது என்னவாகும் என்று நீங்களே யோசியுங்கள். வால்யூமைத் தொடாமல் ஈக்வலைசரைத் தொடுங்கள். காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. அங்கே பேஸ் பூஸ்ட் போடுவது வீண். பேஸைக் குறைத்து, 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை சற்று உயர்த்தினால் குறைந்த வால்யூமிலேயே குரல் தெளிவாகக் கேட்கும்.

ஹெல்மெட் ஸ்பீக்கர் வாங்கியவர்கள் "சத்தமே வரவில்லை" என்று சொல்வதுண்டு. பெரும்பாலும் ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக இல்லாததே காரணம். ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒட்டியிருந்தாலே வித்தியாசம் தெரியும். இடம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மோகோலை மட்டும் வெட்டிவிடாதீர்கள். விழுந்தால் தலையைக் காப்பது அதுதான்.

காதுக்குள் செருகும் இயர்பட்ஸ், அதிலும் வெளிச் சத்தத்தை அடைக்கும் நாய்ஸ் கேன்சலேஷன் வகை, பைக்குக்கு வேண்டாம் என்பேன். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரனும் லாரியின் ஹார்னும் நமக்குக் கேட்டாக வேண்டும். ஒரு காதில் மட்டும் ஸ்பீக்கர் வைப்பவர்கள் போனின் அக்சஸிபிலிட்டி பகுதியில் மோனோ ஆடியோவை ஆன் செய்யவும். இல்லாவிட்டால் ஸ்டீரியோ பாடல்களில் மற்றொரு பக்கத்து வயலினும் தபேலாவும் கேட்காமலே போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்டு, 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கவனம் சிதறாத வகையில் வழி அறிவதற்கு மட்டும் கையடக்கக் கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு குடும்பக் கதை பேசுவது இதில் அடங்காது. எனவே கிளம்பும் முன் 'டு நாட் டிஸ்டர்ப்' ஆன் செய்துவிடுங்கள். வாட்ஸ்அப் மணிகளும் அடங்கும், பாட்டும் தடைபடாது.

மேம்பாலங்களில் மட்டும் குரலை முழுதாக நம்பாதீர்கள். கத்திப்பாராவில் ஜி.எஸ்.டி. சாலை, அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றுகின்றன. நீங்கள் பாலத்தின் மேலே இருக்கிறீர்களா, கீழே இருக்கிறீர்களா என்று ஜி.பி.எஸ்.ஸுக்குச் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. 2024-லிருந்து மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்று மேப்ஸ் முன்கூட்டியே சொல்லத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் இத்தகைய சந்திப்புகளைக் கிளம்பும் முன் ஒரு முறை திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். நகருக்குள் நுழைந்ததும் பாட்டையும் நிறுத்திவிடுவேன். தாம்பரத்துக்குத் தெற்கே கேட்ட பாட்டை பல்லாவரத்தில் கேட்க முடியாது!

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்டாண்ட்தான் வேண்டும் என்பவர்கள் அதிர்வைத் தாங்கும் ரப்பர் பாகம் உள்ளதாக வாங்குங்கள். சக்திவாய்ந்த பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்திருக்கிறது. அத்தகைய பாகம் உள்ள மற்ற போன்களுக்கும் இது பொருந்தும்.